மணிக்குக் காது கேக்காது

எட்டாவது படிக்கும்போது தமிழ் அய்யா "என் செல்லப் பிராணி" என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தோம். நாய் நன்றியுள்ள மிருகம், வீட்டைக் காக்கும், வாலை ஆட்டும், அப்புறம் ஒரு முற்றுப்புள்ளி. எனக்குப் பத்துக்கு ஏழு கொடுத்தார். நாய்க்கு வயசாகும் என்பதை நாங்கள் யாருமே எழுதவில்லை. அய்யாவும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு நாய் பேர் மணி. எங்கள் தெருவில் மணி என்கிற பேரில் இன்னும் மூன்று மனுஷர்கள் உண்டு. அம்மா சாயங்காலம் வாசலில் நின்று "மணீ... டேய் மணீ" என்று சத்தம் போட்டால் மூன்று வீட்டில் தலை தெரியும், நாய் மட்டும் வராது :) 2011 ஆடிப் பதினெட்டு அன்றைக்குக் கூடுதுறையில் கூட்டம் நெரிய, யார் காலிலும் மிதிபடாமல் ஒரு குட்டி ஒண்டிக்கொண்டு நின்றதாம். அப்பா அதை மஞ்சப்பைக்குள் போட்டுத் தூக்கி வந்தார். அப்போது எனக்கு ஆறு வயசு. வந்த அன்றைக்கே அது போய்ப் படுத்த இடம் தறிக்குழி ஓரம்.

இந்தத் தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பின்னால் வரும். பவானி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு ரெண்டு விஷயம்தான். ஒன்று சங்கமேஸ்வரர் கோயில், இன்னொன்று ஜமக்காளம். ஜமக்காளம் நெய்வது பள்ளத்தறியில். தரையில் குழி வெட்டி, நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பார். நூல் தடிமன், துணி அகலம், அதனால் பலகையை இழுத்து அடிக்கும்போது ஒவ்வொரு அடியும் தரையில் இறங்கும். பக்கத்து அறையில் சொம்புத் தண்ணி ஆடுவதை நானே பார்த்திருக்கிறேன். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கின துணி இது. கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும் என்று 1985-லேயே சட்டம் வந்த ரகங்களில் இதுவும் ஒன்று. ஆனாலும் விசைத்தறி ஜமக்காளம் சந்தையில் கிடக்கிறது, அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். மணி வளர்ந்தது அந்த 'தட்... தட்' அதிர்வுக்கு நடுவில் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2021 பிப்ரவரியில் என் அக்காவுக்குப் பாப்பா பிறந்தாள். அக்காவும் மச்சானும் திருப்பூரில் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் ஆறு மாசத்துக்கு அப்புறம் பாப்பா பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான். அப்பாவுக்கு அப்புச்சி பட்டம், அம்மாவுக்கு அம்மாயி பட்டம், எனக்கு மாமா பட்டம். மணிக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் வேலை அவனுக்குத்தான் அதிகம். தூளி எங்கே கட்டினாலும் கீழே போய்ப் படுத்துவிடுவான். பாப்பா அழுதால் முதலில் எழுந்து அடுப்படிக்கு ஓடுவது அவன். 2022 ஆகஸ்ட்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் விட்டார்களே, அப்போது எங்கள் தெருவுக்குள்ளும் காவிரி வந்துவிட்டது. தறிக்குழி முழுக்கத் தண்ணி. பெரியம்மா வீட்டு மாடியில் நான்கு நாள் இருந்தோம். அந்த நான்கு நாளும் மணி மாடிப்படி வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு, தவழ்ந்து வரும் பாப்பாவைப் படிப்பக்கம் விடவேயில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதெல்லாம் பெருமை. இனிமேல் வருவது பெருமை இல்லை.

நாய்க்கு ஒரு வருஷம் என்றால் மனுஷனுக்கு ஏழு வருஷம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள் இல்லையா, அது தப்புக் கணக்கு. 2020-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து ஆராய்ச்சியாளர்கள், லேப்ரடார் நாய்களின் மரபணுவில் வயசாக ஆக ஏற்படும் ரசாயன மாற்றங்களை வைத்து வேறு ஒரு கணக்கு போட்டார்கள். அதன்படி ஒரு வயசு நாய் மனுஷக் கணக்கில் முப்பது தாண்டிவிடும். அப்புறம் வேகம் குறையும். பன்னிரண்டு வயசு நாய்க்கு 71 வருகிறது. லேப்ரடார் கணக்கு நம்ம ஊர் நாட்டு நாய்க்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஆனால் மணியைப் பார்த்தால் எழுபது மாதிரிதான் இருந்தது. எழுந்திருக்கும்போது பின்னங்கால் ரெண்டும் நடுங்கும். கண்ணுக்குள் நீலமாய் ஒரு புகை. (எல்லா நீலமும் கண்புரை இல்லையாம், வயசானால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய் அப்படித் தெரியும் என்று கால்நடை டாக்டர் சொன்னார்.) புது டைல்ஸ் தரையில் வழுக்கி வழுக்கி விழுந்தான். அம்மா பழைய ஜமக்காளம் ஒன்றை எடுத்து நடை முழுக்க விரித்துவிட்டாள். அது போதும், நிமிர்ந்து நடந்தான். அப்பா தன் முட்டி வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு டாக்டர் பதறிப்போனார். நாம் போடுகிற ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்குமாம். வீட்டில் வயசான நாய் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், பாப்பா வாசற்படி ஏறக் கற்றுக்கொண்ட அதே மாசத்தில்தான் மணி அந்தப் படியில் நின்று யோசிக்க ஆரம்பித்தான். இவள் ஒரு படி ஏறிவிட்டு "மஞி வா, மஞி வா" என்பாள். அவன் கீழேயே நின்று வாலை ஆட்டுவான்.

2023 தீபாவளி நவம்பர் 12. மணிக்கு வெடி என்றால் உயிர் போகும், வருஷா வருஷம் கட்டிலுக்கு அடியில் ரெண்டு நாள் கிடப்பான், சோறு தின்ன மாட்டான். அந்த வருஷம் வாசலில் சரவெடி வெடிக்க, அவன் நடு நடையில் நீட்டிப் படுத்துத் தூங்கினான். "பாருங்கடா, வயசானதுக்கு அப்புறம் தைரியம் வந்திருச்சு" என்று அப்பா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நான் அதை வீடியோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

அவனுக்குக் காது போயிருந்தது. அது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஒரே வாரம். நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. தேதியைச் சொன்னாலே உங்களுக்குப் புரிந்திருக்கும், அகமதாபாத்தில் உலகக்கோப்பை இறுதி ஆட்டம். அக்காவும் மச்சானும் வந்திருந்தார்கள். அம்மாவும் அக்காவும் அடுப்படியில். "பாப்பாவப் பாத்துக்கோடா" என்று சொல்லிவிட்டுப் போனாள் அக்கா. "செரிக்கா" என்றேன். திண்ணையில் உட்கார்ந்து போனில் மேட்ச். கோலி 54-ல் கம்மின்ஸ் பந்தை ஸ்டம்புக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார். கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் இருந்த மைதானம் பொக்கென்று அமைதியானது. அந்த அமைதியில்தான் பாப்பா கத்தினாள்.

உள்ளே ஓடினால், ஜமக்காளத்தில் மணி நின்றுகொண்டிருக்கிறான், உடம்பெல்லாம் நடுங்குகிறது. பாப்பா உட்கார்ந்து கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். முன்கையில் ரெண்டு பல் இறங்கியிருந்தது. கீழே குங்குமச் சிமிழ் கொட்டிக் கிடந்தது. முதலில் எது ரத்தம் எது குங்குமம் என்றே தெரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவனுக்குப் பொட்டு வைக்கப் போயிருக்கிறாள். காது கேட்காத, கண் மங்கின ஒரு கிழ நாயின் முகத்தில் தூக்கத்தில் திடீரென்று ஒரு கை. அவ்வளவுதான்.

அக்கா ஓடி வந்து "என்னடா ஆச்சு" என்றாள். நான் சொன்னது இது: "சும்மா உக்காந்திருந்த புள்ளயக் கடிச்சிருச்சுக்கா."

இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அம்மா உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அது சரியான காரியம் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஓடுகிற தண்ணியில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைத்து அப்பக்கூடாது. ரத்தம் வந்த கடி என்பதால் ஊசி மருந்தோடு, காயத்தைச் சுற்றியும் வேறு ஒரு மருந்து ஏற்றினார்கள். மணிக்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டிருந்தோம், ஆனாலும் ரிஸ்க் எடுக்கக் கூடாதாம். அன்றைக்கு, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். பாட்டி காலத்து ஆட்கள் இன்னமும் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயமுறுத்துகிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை நம் நாட்டில் 2004-05 வாக்கிலேயே நிறுத்தியாயிற்று.

நமக்கு இது பக்கத்து மலைச் சமாச்சாரம்கூட. குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் ஆரம்பித்தது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்கிற வெள்ளைக்காரப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். அப்போது வைத்தியத்துக்கு வடக்கே இமாச்சலத்தில் இருக்கிற கசௌலி வரைக்கும் போக வேண்டும். அந்தச் சாவுக்குப் பிறகுதான் தெற்கேயும் ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். மருந்து இருந்த ஊருக்கும் ஆளுக்கும் நடுவில் இருந்த தூரம்தான் அந்த உயிரை வாங்கியது. எங்களுக்கு டூவீலரில் கால் மணி நேரம். ஆஸ்பத்திரி பெஞ்சில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனில் இதைப் படித்துக்கொண்டிருந்தேன். பெஞ்ச் முழுக்கக் குழந்தைகள். உலக அளவில் வெறிநோய் சந்தேகம் உள்ள மிருகங்களிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் 15 வயசுக்குக் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த பெஞ்சைப் பார்த்தால் நம்பலாம்.

வீட்டுக்கு வந்தால் பஞ்சாயத்து. பெரியப்பா வந்திருந்தார்.

"கெழட்டு நாயி, இனி அது கடிக்கத்தான் செய்யும். பத்து நாளு கழிச்சு ஆம்னியில போட்டு அம்மாபேட்டை பக்கம் கரும்புக்காட்டுல எறக்கி உட்டுட்டு வந்தரலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

அப்பா, "ஏனுங்ணா, பன்னெண்டு வருசம் இருந்ததுங்ணா" என்றார்.

"அதுக்கு? புள்ள பெருசா, நாயி பெருசா?"

இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்ல முடியும். அக்கா எதுவும் பேசாமல் பாப்பா கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பேசவில்லை. எனக்குப் பேச நிறைய இருந்தது. வளர்த்த மிருகத்தைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லியிருக்கலாம். இப்படி ஆளாளுக்குக் கொண்டுபோய் விடுகிற நாய்கள்தான் கூட்டம் சேர்ந்து பட்டிக்குள் புகுகின்றன என்று சொல்லியிருக்கலாம். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் நாய் கடித்துச் செத்த ஆடுகளுக்காக விவசாயிகள் 2024-லும் 2025-லும் ரோட்டுக்கு வந்து போராடினார்களே. நான் நாய் பிடிக்கும் என்பதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விடிந்து பட்டியைத் திறந்தால் பத்து ஆடு குடல் சரிந்து கிடப்பதைப் பார்த்தவன் எப்படிப் பேசுவானோ அப்படித்தான் பேசுவான். ஆனால் சட்டம் பேசினால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் "நீ எங்கடா இருந்தே?" என்று யாராவது கேட்பார்கள்.

மணியைத் தறி அறையில் கட்டிப் போட்டோம். எதற்குக் கட்டினோம் என்று அவனுக்குத் தெரியாது. சோறு வைக்கப் போனால் வாலை ஆட்டுவான். பாப்பா தூரத்தில் நின்று, "மணி ஊசி போட்டானா?" என்று கேட்டாள். அவளுக்குக் கோபமே இல்லை. அவளைக் கடித்தது அவளுக்கு மறந்துபோய், ஊசி மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

22-ஆம் தேதி, ரெண்டாவது ஊசி. வரிசையில் அக்காவும் நானும். எங்களுக்கு முன்னால் ஒரு வயசானவர், ஆடு மேய்க்கிறவர், பட்டி நாயைத் தெரு நாய் கடிக்க, விலக்கிவிடப் போய்க் கடி வாங்கியிருந்தார். "என்ற நாயிதானுங் கடிச்சுது, பாவம், அதுக்கு ஆளு தெரியல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டேன். மேட்ச் பார்த்தது, பாப்பா உள்ளே போனதைக் கவனிக்காதது, குங்குமம், எல்லாம்.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாப்பாவை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு மூன்று வாரம் ஆனது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே பெரியப்பாவுக்குப் போன் போட்டு, "வேண்டாமுங் பெரியப்பா, நாயி இங்கயே இருக்கட்டும்" என்றாள். காரணம் சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

26-ஆம் தேதி கார்த்திகை தீபம். மூன்றாவது ஊசி போட்டு வந்து, சாயங்காலம் விளக்கு வைத்துக்கொண்டிருந்தோம். தறி அறையில் அப்பா பாதியில் நின்ற ஜமக்காளத்தை முடிக்க உட்கார்ந்தார். முதல் அடி விழுந்ததும் மணி தலையைத் தூக்கினான். முதுகு அப்பாவுக்குக் காட்டிப் படுத்திருந்தவன், அவரைப் பார்த்திருக்கவே முடியாது. அம்மாதான் கவனித்தாள். "ஏனுங்க, இன்னொருக்கா அடிங்க." அடித்தார். மணி திரும்பினான், வாலை ஆட்டினான். காதுக்குப் போகாதது தரை வழியாகப் போகிறது. குட்டியிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம் அல்லவா.

அன்றையிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். மணி படுத்திருந்தால் யாரும் தொடக்கூடாது. நாலடி தள்ளி நின்று காலால் தரையில் ரெண்டு தட்டு தட்ட வேண்டும். அவன் தலை தூக்கி, ஆளைப் பார்த்து, வால் ஆட்டினால்தான் கிட்டே போகலாம். பெரியவர்கள் நாங்கள் அடிக்கடி மறந்தோம். பாப்பா மறந்ததே இல்லை. "தட்... தட்" என்று மிதித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவன் நிதானமாக ஒவ்வொரு காலாக ஊன்றி எழுந்திருப்பான். ரெண்டு வயசுக் குழந்தைக்கு இவ்வளவு பொறுமை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதற்கும் ஒரு விதி இருந்தது: பெரியவர் ஒருத்தர் அதே அறையில், கையில் போன் இல்லாமல். அது எனக்காக அக்கா போட்டது. இந்த ரெண்டு விதியையும் மீறி அவர்களைத் தனியாக விட்டதே இல்லை. எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் விடக்கூடாது என்பதுதான் என் கட்சி. "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்கிறவர்களைக் கண்டால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

அவளுக்குத் தூங்குவதற்குக் கதை வேண்டும். ஒருநாள் கோவிவன் கதையைச் சொன்னேன். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல், பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டில் வைத்தது. எருமை மாட்டுச் சண்டையில் செத்துப்போன கருந்தேவக்கத்தி என்கிற வீரனுக்கு வைத்த கல். கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. அதன் பேர் கோவிவன், அது ரெண்டு திருடர்களைக் கடித்து அங்கேயே காவல் இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தின ஒரு நாயின் பேர் நமக்குத் தெரிகிறது, யோசித்துப் பாருங்கள். என் கொள்ளுத் தாத்தாவோட அப்பா பேர் எனக்குத் தெரியாது. பாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கு யாரு சோறு வெப்பாங்க?" என்றாள். வீரன் செத்துவிட்டானே, அதனால். கல்வெட்டில் அது இல்லை.

2025 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். மணி ரெண்டு நாளாகத் தண்ணி மட்டும் குடித்தான். மூன்றாம் நாள் விடிகாலையில் தறிக்குழி ஓரம், குட்டியாக வந்த அன்றைக்குப் படுத்த அதே இடத்தில் கிடந்தான். பதிமூன்றரை வயசு. நாட்டு நாய்க்கு நல்ல ஆயுசுதான். பெரியப்பா தோட்டத்தில் வேப்பமரத்தடியில் குழி வெட்டி, உப்புப் போட்டு, நடையில் விரித்திருந்த அந்த ஜமக்காளத்தையே சுற்றிப் புதைத்தோம். குழி வெட்டியது பெரியப்பா. கரும்புக்காடு பற்றி யாரும் பேசவில்லை.

பாப்பாவுக்கு நாலு வயசு ஆக ஒரு மாசம் இருந்தது. என்ன சொல்வது என்று வீட்டில் குழப்பம். சாவு என்றால் திரும்ப வராதது என்பது குழந்தைகளுக்கு ஐந்து வயசுக்கு மேல்தான் மெல்ல விளங்குமாம். தூங்குகிறான், ஊருக்குப் போயிருக்கிறான் என்றெல்லாம் சொல்லி ஏமாற்றக்கூடாது என்று நான் எங்கோ படித்திருந்தேன், எல்லாருக்கும் லெக்சரும் கொடுத்தேன். அவள் வந்து "மணி எங்க மாமா?" என்று கேட்டதும் என் வாயில் வந்தது, "பெரியப்புச்சி தோட்டத்துல தூங்கறான் கண்ணு."

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனோம். வேப்பமரத்தடியில் மண்மேடு இன்னும் புதுசாக இருந்தது. "இங்கயா?" என்றாள். தலையாட்டினேன். நாலடி தள்ளிப் போய் நின்றாள். காலைத் தூக்கி ரெண்டு மிதி மிதித்தாள். தட், தட். இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மிதித்தாள்.

நான் பக்கத்தில் போய்க் குத்த வைத்து உட்கார்ந்து, "மணி செத்துப் போயிட்டான் கண்ணு. மாமா பொய் சொல்லிட்டேன். இனி எந்திரிக்க மாட்டான்" என்றேன்.

"நாளைக்கு?"

"நாளைக்கும்தான்."

யோசித்தாள். அக்கா கொஞ்சம் தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா என் சட்டைப்பையில் கை விட்டு, மணிக்கு என்று எடுத்து வந்திருந்த வர்க்கியை எடுத்தாள். பாதியை மண்மேட்டில் வைத்துவிட்டு, மீதியைத் தின்றுகொண்டே ஆட்டுக்குட்டிகள் இருந்த பக்கம் நடந்தாள்.